கோப்பு வந்து சேர்ந்த கரை

பரனூர் நிலையத்தில் மின்சார ரயில் நின்றதும் பெட்டி பாதி காலியானது. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக இறங்கியவர்களில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள்தான் அதிகம். நிலையத்தை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் பெகட்ரான் நிறுவனம் 2022 செப்டம்பரில் ஐபோன் ஆலையைத் திறந்தது. 2025 ஜனவரியில் அதன் பெரும்பங்கை டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது. வண்டி மறுபடி நகர்ந்தது. சற்று நேரத்தில் கொளவாய் ஏரி சன்னலை நிறைத்தது. தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு தண்ணீரை நான் எதிர்பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எதிரில் இருந்த பெரியவர், "சித்திரையிலகூட இதுல தண்ணி நிக்கும் சார்" என்று தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் பினாங்குக்காரன். தாத்தா செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து போய் ரஜூலா கப்பல் ஏறியவர் என்பது வீட்டில் வழிவழியாக வரும் செய்தி. ஊர்ப்பெயர் மட்டும் எங்கோ நடுவில் தொலைந்துவிட்டது. எனக்கு இந்தக் கரையோடு இருந்த தொடர்பு வேறு வழியில் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கி இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்திறங்கிய பிறகு, எங்கள் தீவில் மின்னணு வேலை பெருகியது. பிசிபி போர்டு செய்யும் ஆலை ஒன்றில் என் உழைப்புக்காலம் முழுதும் கழிந்தது. கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்த்து அழுத்திய பலகை, அதன்மேல் மயிரிழைச் செம்புத் தடங்கள், பலகையைத் துளைத்துச் செல்லும் செம்பு பூசிய துளைகள்: கைப்பேசியோ மிக்சியோ இருதயத் துடிப்புமானியோ, எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் பச்சைப் பலகை அதுதான். எனக்குக் கேம் எனப்படும் கணினிவழி உற்பத்தி மேசையில் வேலை. எங்கோ ஒருவர் வரைந்த சுற்றின் கோப்பு வரும். அதைப் படித்து, துளையிடும் எந்திரத்துக்கு ஒன்று, படமெடுக்கும் எந்திரத்துக்கு ஒன்று, சோதிக்கும் எந்திரத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும், ஜப்பானிலிருந்து வரும், சென்னைப் பக்கத்திலிருந்தும் வரும். தாம்பரம், மறைமலைநகர், செங்கல்பட்டு என்ற பெயர்களை அந்தக் கோப்புகளோடு வந்த குறிப்புத் தாள்களில்தான் முதலில் படித்தேன். வரைந்தவரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் மனத்தில் இருந்த பலகையை மைக்ரான் பிசகாமல் செய்து அனுப்பியிருக்கிறோம். அது எப்படி முடிந்தது என்ற வியப்பு ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை. கோப்புகள் வந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. தாம்பரத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் இப்போது இதற்குள்தான் வருகிறது. சிர்மா, அவலான் போன்ற நிறுவனங்கள் அங்கே போர்டுகளில் பாகங்களைப் பொருத்தி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. பொருத்துவதில் இந்தக் கரை கைதேர்ந்துவிட்டது. பொருத்தப்படும் வெறும் போர்டோ இந்தியாவுக்கு இன்றும் பெரும்பாலும் கடல்கடந்துதான் வருகிறது. அந்தக் குறையைத் தீர்க்க மத்திய அரசு 2025இல் 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. பெரிய ஆலைகள் எழும். எழட்டும். நான் தேடிப் போனது மாவட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆலையை. மாதிரிப் போர்டுகளும் சிறு எண்ணிக்கையும் செய்கிறவர்கள். நண்பர் வழியாக அனுமதி கிடைத்தது.

"டீ சாப்பிட்டுட்டு உள்ள போலாம் சார்" என்றார் கேம் மேசைப் பெண். டிப்ளமா முடித்து நேரே இங்கே சேர்ந்தவர், ஊர் சிங்கப்பெருமாள் கோயில். டீ ஆறுவதற்குள் அன்று காலை வந்த வேலையைத் திரையில் திறந்துவிட்டார். "ஜிப்ல பதினோரு ஃபைல் சார். காப்பர் நாலு லேயர், மேல கீழ மாஸ்க், மேல கீழ லெஜண்ட், அவுட்லைன் ஒண்ணு, டிரில் ரெண்டு." அனுப்பியவர் ஐரோப்பாவில் இருக்கிறார். அவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. நான் கேட்டுக்கொண்டதும் ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினார். வெறும் எழுத்தும் எண்ணும். பள்ளிக்கூடத்துக் கணினியிலும் திறந்து படிக்கலாம்.

கெர்பர் கோப்பு என்று உலகம் முழுவதும் இதைச் சொல்கிறார்கள். தலைப்பகுதியில் அலகு மில்லிமீட்டரா அங்குலமா என்று ஓர் அறிவிப்பு. எண்களை எப்படிப் படிப்பது என்று இன்னொன்று. ஆறு தசம இடம் என்று போட்டிருந்தால் பத்து லட்சம் என்ற எண் ஒரு மில்லிமீட்டர். ஒன்று என்ற எண் ஒரு நானோமீட்டர். அடுத்து வரைமுனைகளின் பட்டியல்: டி10 என்றால் 0.15 மில்லிமீட்டர் வட்டம், டி11 என்றால் இன்ன அளவுச் செவ்வகம் என்று. அதற்குக் கீழே கட்டளைகள் வரிசையாக இறங்குகின்றன. டி02, ஒளியை மூடிக்கொண்டு இந்த இடத்துக்குப் போ. டி01, ஒளியைத் திறந்துகொண்டு போ. டி03, நின்ற இடத்தில் ஒரு தடவை மின்னு. கடைசி வரி எம்02, வேலை முடிந்தது. எத்தனை சிக்கலான போர்டாக இருந்தாலும் அதன் செம்புப் படம் முழுவதும் ஏறக்குறைய இந்தச் சில சொற்களால் ஆனது.

உள்ளே கூட்டிப்போனார். மஞ்சள் விளக்கு அறை. போர்டின்மேல் ஒட்டும் படலம் புற ஊதா ஒளி பட்டால் இறுகிவிடும் என்பதால் அங்கே வெள்ளை வெளிச்சம் கிடையாது. நான் பார்க்கும்போது லேசர் ஒன்று கோப்பை வாசித்து வாசித்துப் படலத்தில் வரைந்துகொண்டிருந்தது. வரைந்த இடம் இறுகும், மற்ற இடம் கரைந்து போகும், கரைந்த இடத்தில் செம்பை அமிலம் தின்னும். அடுத்த அறையில் துளையெந்திரம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் முனை, 0.3 மில்லிமீட்டர்த் துளை; சத்தம் காதில் இறங்குவதற்குள் ஒரு வரிசை முடிந்துவிடுகிறது. துளையின் உட்சுவரில் இருபது, இருபத்தைந்து மைக்ரான் கனத்துக்குச் செம்பு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேல்லேயருக்கும் கீழ்லேயருக்கும் பேச்சு அறுந்துபோகும். தொட்டியருகே நின்ற பையன் ஒவ்வொரு பேனலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். பாயான் லெப்பாஸில் எங்கள் ஆள்களும் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்கள், அதே முகச்சுளிப்போடு. கடலுக்கு இந்தப் பக்கம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றியது.

ஒளியை மூடு, ஒளியைத் திற என்று ஏன் ஒரு கோப்பு பேச வேண்டும்? அந்தப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு வியன்னாக்காரர்கள் இருக்கிறார்கள். பால் ஐஸ்லர் 1907இல் அங்கே பிறந்த யூதர். 1936இல் இங்கிலாந்துக்குப் போனவர், கம்பிகளைக் கையால் இணைப்பதற்குப் பதிலாகச் செம்புத் தகட்டில் சுற்றை அச்சிட்டு, வேண்டாத செம்பை அரித்தெடுக்கலாம் என்று காட்டினார். அச்சிட்ட சுற்றுப்பலகை அங்கிருந்து தொடங்குகிறது. ஜோசப் கெர்பர் அதே நகரில் 1924இல் பிறந்தார். நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டு, மீண்டு, 1940இல் தாயாரோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மாணவராக இருக்கையில் பைஜாமாவின் நாடா ரப்பரில் அளவுக்கோடுகள் போட்டு, இழுத்தால் விரியும் அளவுகோல் ஒன்றைச் செய்தார். அந்த அளவுகோலில் தொடங்கிய கம்பெனி பிறகு ஒளியால் வரையும் எந்திரங்களைச் செய்தது. ஒரு சக்கரத்தில் வெவ்வேறு வடிவத் திறப்புகள், சக்கரம் திரும்பி ஒன்று நேரே நிற்கும், விளக்கு எரியும், கீழே படச்சுருளில் கோடு விழும். டி10 முதலானவை அந்தச் சக்கரத்தின் திறப்புகளுக்கு வைத்த எண்கள். சக்கரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. செங்கல்பட்டில் லேசர் இன்றும் அந்த எண்களைக் கேட்டுத்தான் வரைகிறது. துரத்தப்பட்ட இருவரின் மூளை இப்படி ஒரே பலகையில் வந்து சேர்ந்திருப்பதை எண்ணி எண்ணி நான் ஓய்ந்ததில்லை.

கெர்பர் கம்பெனி தன் எந்திரத்துக்கான மொழியை 1980இல் அச்சிட்டு வெளியிட்டது. போட்டிக் கம்பெனிகளும் அதைப் படித்துத் தங்கள் எந்திரங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. பரவியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த முதல் வடிவத்தில் பெரிய ஓட்டை இருந்தது. அலகு கோப்புக்குள் கிடையாது. தசமப்புள்ளி எங்கே என்பதும் கிடையாது. எந்த டி எண் எந்த வடிவம் என்ற பட்டியல் தனித்தாளில் வரும். தாள் தொலைந்தால் கோப்பு ஊமை. மில்லிமீட்டரை அங்குலம் என்று படித்தால் போர்டு 25.4 மடங்கு ஊதிப்போகும். 1998இல் விரித்த கெர்பர் வந்து அலகையும் பட்டியலையும் கோப்புக்குள்ளேயே குடிவைத்தது. 2014இல், எந்தக் கோப்பு எந்த லேயர் என்பதையும் கோப்புக்குள்ளேயே எழுத இடம் தரும் எக்ஸ்2 வந்தது. அதே ஆண்டு பழைய வடிவம் செல்லாது என்றும் அறிவித்தார்கள். இப்போது பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் உள்ள உகாம்கோ நிறுவனம் இந்த வடிவத்தைக் காத்துவருகிறது. இலக்கணத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிப் படிக்கலாம்.

கேம் மேசைக்குத் திரும்பினோம். அந்தப் பெண் ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளருக்கு அனுப்பும் கேள்விப்பட்டியல்; தொழிலில் எல்லோரும் 'இக்யூ' என்பார்கள். "ரெண்டு டிரில் ஃபைல்ல எது பிளேட்டட், எது நான்-பிளேட்டட்னு போடல சார். பதில் வர்ற வரைக்கும் வேலை நிக்கும். அங்க இப்ப ராத்திரி." எக்ஸ்2 குறிப்புகள் இல்லாத கெர்பர் படத்தைச் சொல்லும், படத்தின் நோக்கத்தைச் சொல்லாது. ஒரு வட்டத்தைக் காட்டும். அது பாகத்தின் கால் ஊன்றும் இடமா, வெறும் அடையாளப்புள்ளியா என்று சொல்லாது. எந்தப் பாகம் எங்கே உட்காரும், லேயர்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியும் மின்னால் சேர வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் கோப்பு, தனித்தனி வடிவம். வரைந்தவரின் மனத்தில் ஒன்றாக இருந்த பொருள் பதினோரு துண்டாக உடைந்து பயணம் செய்கிறது. இந்தப் பக்கம் ஒருவர் அதை மறுபடி ஒட்டுகிறார். என் உழைப்புக்காலத்தில் பாதி அந்த ஒட்டுவேலையில் போனது.

உடைக்காமல் அனுப்ப வழி தேடியவர்கள் இருந்தார்கள். இஸ்ரேலின் வேலார் நிறுவனம் 1990களில் ஓடிபி++ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. செம்பும் துளையும் பாகமும் இணைப்பும் ஒரே கட்டமைப்பில். பெரிய ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2010இல் வேலார் மென்டர் நிறுவனத்துக்குப் போனது; 2017இல் மென்டர் சீமென்ஸுக்குப் போனது. இலக்கணம் வெளியே கிடைக்கிறது, உரிமை ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறது. இன்னொரு பக்கம் மின்னணுத் தொழிலாரின் ஐபிசி சங்கம் 2581 என்ற எண்ணில் ஒரு பொதுத்தரத்தை எழுதியது. ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. லேயர் அடுக்கு, பொருள், துளை, இணைப்புப்பட்டியல், பாகப்பட்டியல் எல்லாம் அதற்குள். 2004இல் பிறந்தும் அது ஏழு ஆண்டு உறங்கியது. 2011இல் வடிவமைப்பு மென்பொருள் செய்கிறவர்களும் போர்டு செய்கிறவர்களும் கூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி அதை எழுப்பினார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தது எனக்கு அந்தத் தரத்தைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுத்தால் தன் ரகசியம் போய்விடுமே என்று வடிவமைப்பாளர் அஞ்சுவார். அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்: போர்டு செய்கிறவருக்குப் போர்டுக்கு வேண்டியதை மட்டும், பாகம் பொருத்துகிறவருக்கு அவருக்கு வேண்டியதை மட்டும் பிரித்து எழுதலாம். என் மனம் 2581 பக்கம்தான் சாய்கிறது. தரத்தின் சாவி ஒரு சங்கத்தின் கையில் இருந்தால், நாளை எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கினாலும் சின்ன ஆலையின் கதவு மூடாது.

"உங்களுக்கு வருதாம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவாவது வரும் சார். கெர்பர்தான் நூத்துக்குத் தொண்ணூறு. சில பேர் டிசைன் ஃபைலையே அப்படியே அனுப்பிடுவாங்க. அந்த சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்க நம்மால முடியுமா?" கீகேடில் வரைந்து அனுப்பும் மாணவர்களின் கோப்பு மட்டும் பிரச்சினை இல்லையாம். காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து நிறைய வருகிறது என்றார். கீகேட் இலவச மென்பொருள். 1992இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான்-பியேர் ஷாரா என்ற ஆசிரியர் தொடங்கியது. பிறகு சேர்ன் ஆய்வகம் கைகொடுத்தது. இப்போது அது கெர்பரும் எழுதுகிறது, 2581உம் எழுதுகிறது. கூடுவாஞ்சேரியில் விடுதியறையில் இருக்கும் பிள்ளைக்கு உலகத்தின் எந்த ஆலைக்கும் புரியும் கோப்பை எழுத ஒரு ரூபாய் செலவில்லை.

இப்படி எங்கும் புரியும் பொதுவடிவத்தின் அருமையைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் பினாங்கிலிருந்து நான் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ், சென்னையில் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் 'அ'வுக்குத் தனக்குப் பிடித்த எண்ணைக் கொடுத்திருந்தார். முரசு அஞ்சல் மென்பொருள் செய்த எங்கள் நாட்டு முத்து நெடுமாறன் உட்படப் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசினார்கள். டிஸ்கி குறியேற்றம் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. பிறகு யூனிகோடு நிலைத்தது. இன்று யார் எங்கிருந்து 'அம்மா' என்று அடித்தாலும் 'அம்மா' என்றே போய்ச் சேர்கிறது. போர்டு உலகம் இன்னும் அந்தப் பாதையின் நடுவில்தான் நிற்கிறது.

மறுநாள் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி பிடித்தேன். திருக்கழுக்குன்றம் வழி. மலைக்கோயில் தெரிந்ததும் பக்கத்து இருக்கை அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முன்னாடி மத்தியானத்துல கழுகு வந்து பிரசாதம் சாப்பிடும், இப்ப வர்றதில்லைங்க" என்றார். வயலும் பனையும் போய்க் கருங்கல் பட்டறைகள் தொடங்கியபோது ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது. கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிகிறது. ஒரு பட்டறையின் உளிச்சத்தம் ஓயும் இடத்தில் அடுத்ததன் சத்தம் பிடித்துக்கொள்கிறது. நடுநடுவே கல்லறுக்கும் எந்திரத்தின் அலறல்.

ஐந்து ரதம் போகும் சாலையில் ஒரு பட்டறை. அம்மன் சிலை ஒன்று இடுப்புவரை கல்லிலிருந்து வெளிவந்திருந்தது. கல்லின் முகத்தில் சிவப்பு மையில் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள். சிற்பி உளியைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து அளவுமுறை பற்றிக் கேட்டேன். "தாளம்தான் ஐயா" என்று தொடங்கினார். முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்தில் பன்னிரண்டு அங்குலம், ஓர் அங்குலத்தில் எட்டு யவம். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், மொத்த உயரம் 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. முழங்கால் எத்தனை, கழுத்து எத்தனை, மூக்கு எத்தனை என்று எல்லாம் பங்குக் கணக்கில் வகுத்திருக்கிறது. "அங்குலம்னா எத்தனை இஞ்சு?" என்று கேட்டேன். "கல்லு எவ்வளவு உயரமோ அதைப் பொறுத்தது. சிலையோட உயரத்தை 120ஆப் பகுத்தா ஒரு பங்குதான் அங்குலம். ஒரு சாண் சிலைக்கும் அதே கணக்கு, இருபது அடிக்கும் அதே கணக்கு."

அந்தச் சாலையோரத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் தொழிலில் அலகு கோப்புக்கு வெளியே இருந்ததால் எவ்வளவு செம்பு குப்பைக்குப் போயிருக்கும்! இங்கே அலகு சிலையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனித்தாளில் யாரும் எடுத்துவர வேண்டியதில்லை, தொலைக்கவும் முடியாது. கும்பகோணத்தில் ஒருவர் வார்க்கும் செம்புத் திருமேனியும் இங்கே ஒருவர் செதுக்கும் கற்சிலையும் இந்தக் கணக்கில் ஒத்துப்போவதற்கு, இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. என் பையில் இருந்த மாதிரிப் போர்டை எடுத்துக் காட்டினேன். கட்டைவிரலால் தடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "வரைஞ்சவர் கூடவே இருந்தாரா?" என்றார். இல்லை, கோப்பு மட்டும் வந்தது என்றேன். தலையசைத்துப் போர்டைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மாமல்லபுரத்தின் அரசு சிற்பக் கல்லூரி 1957இல் பயிற்சிக்கூடமாகத் தொடங்கியது. பட்டறைக்குள் தந்தை மகனுக்குச் சொன்னது அங்கே வகுப்பறைப் பாடமாயிற்று; சிற்பிகள் குடும்பத்தில் பிறக்காத பிள்ளையும் போய்க் கற்கலாம் என்றாயிற்று. அதே 1957இல்தான் அமெரிக்காவில் ஆறு போர்டுக் கம்பெனிகள் கூடி ஐபிசியைத் தொடங்கின. வீட்டு ரகசியத்தை எழுத்துக்குக் கொண்டுவரும் வேலை இரண்டு இடத்திலும் ஒரே ஆண்டில் தொடங்கியிருக்கிறது.

மாலையில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிப் போனேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தொடங்கி முடிக்காமல் விட்டவை. கூட்டம் கடற்கரைக் கோயிலுக்குப் போய்விடும்; இங்கே ஆட்டுக்குட்டிகள்தான். முடிந்த கோயில் அழகைக் காட்டும், முடியாத கோயில் வேலையைக் காட்டும். மேலே விமானத்தின் கூடுகள் தெளிந்து நிற்க, கீழே வெறும் பாறை. மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். முடிக்காத குடைவரைகளில், பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகக் காடியிட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் வேலை செய்த இரண்டு ஆள்களின் காடிகள் ஒரே நேர்கோட்டில் சந்திக்க வேண்டுமென்றால், இருவருக்கும் பொதுவான ஒரு கணக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதைப் பலர் பார்க்கும்படி, பலர் புரிந்துகொள்ளும்படி வைத்திருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள், தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் அதையடுத்துக் கல்பாக்கமும். அணுமின் நிலையத்தின் குவிமாடங்களைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். 1971இல் அங்கே தொடங்கிய அணு ஆராய்ச்சி மையத்துக்கு 1985இல் இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதன் சிறிய வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அடுத்து வந்த 500 மெகாவாட் ஈனுலையை நாற்பது ஆண்டு ஓடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதன் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கான போர்டுகளை அந்த மையத்துப் பொறியாளர்களே வரைந்தார்கள். நாற்பது ஆண்டு என்பது மென்பொருள் கம்பெனிகளின் ஆயுளைவிடப் பெரிது. இன்று செய்த போர்டு ஒன்று முப்பதாம் ஆண்டில் பழுதானால் அதேபோல இன்னொன்று செய்ய வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையில் பழுது நிச்சயம் வரும். வரைந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அவர் வரைந்த மென்பொருள் கடையில் கிடைக்காது. அன்றைக்கு எஞ்சியிருக்கும் கோப்பு, யாருடைய அனுமதியும் கேட்காமல் படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தாக வேண்டும். கைப்பேசியை இரண்டாண்டில் மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. அணு உலையும் ரயில் சிக்னலும் மருத்துவமனை எந்திரமும் நடத்துகிறவர்களுக்குத் தலைபோகிற காரியம்.

இரவு விடுதியில் மடிக்கணினியைத் திறந்தேன். பினாங்கு ஆலையின் பயிற்சிக்கூடத்தில் புதியவர்களுக்காக வரைந்த பழைய போர்டுகளின் கோப்புகள் சேமிப்பில் இருந்தன. 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒன்றைக் கீகேடின் பார்வைக்கருவியில் திறந்தேன். கோடுகள் போகும் வழி தெரிந்தது, அகலம் தெரியவில்லை. வரைமுனைப் பட்டியல் வேறு தாளில் வந்தது. தாள் எங்கே போயிற்றோ. அடுத்து, விரித்த கெர்பரில் எழுதிய நான்கு லேயர்ப் போர்டு. ஒரு நொடியில் முழுதாகத் திறந்தது, வட்டமும் செவ்வகமும் அளவு பிசகாமல். அதை வரைந்த மென்பொருளை விற்ற கம்பெனி இன்று இல்லை. மகிழ்ச்சியில் அதன் நான்கு லேயர்க் கோப்புகளையும் அந்தக் கேம் மேசைப் பெண்ணுக்கு அனுப்பி, இதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

பத்து நிமிடத்தில் வாட்ஸாப்பில் பதில் வந்தது. "நாலும் நல்லா ஓப்பன் ஆகுது சார். ஆனா பேர் வெறும் நம்பரா இருக்கு. எது டாப், எது பாட்டம், உள்ள ரெண்டுல எது முதல்ல? சொன்னீங்கன்னா நாளைக்கே ஒரு பேனல்ல சேத்துடுவேன்."

அந்தக் காலத்துக் கோப்பில் அதைச் சொல்ல இடமே இருக்கவில்லை. எக்ஸ்2வில் இருக்கிறது. நான்கு கோப்புகளையும் நோட்பேடில் திறந்து, ஒவ்வொன்றின் தலையிலும் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: செம்பு, முதல் லேயர், மேல்பக்கம்; செம்பு, இரண்டாம் லேயர், உள்பக்கம்; செம்பு, மூன்றாம் லேயர், உள்பக்கம்; செம்பு, நான்காம் லேயர், கீழ்ப்பக்கம். சேமித்துத் திரும்ப அனுப்பினேன்.